சைக்கிள் பாட்டில் விழுந்த ஓட்டை

டெஸ்மண்ட் ராஸ் கப்பலேறிய வியாழக்கிழமை, கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த மூன்றேகால் மணிக்கு, மெட்ராஸில் மட்டுமில்லை, செங்கல்பட்டில், சேலத்தில், தூத்துக்குடியில், கடல் தாண்டிக் கண்டி வரைக்கும் எங்கெல்லாம் தமிழ்ப்படம் மேட்னி ஓடிக்கொண்டிருந்ததோ அங்கெல்லாம், பாட்டுகளிலிருந்து ட்ரம்பெட் சத்தம் மட்டும் எழுந்து போய்விட்டது. வயலின் இருந்தது, தபேலா இருந்தது, பாடுகிறவர் குரல் இருந்தது. கதாநாயகன் வழக்கம்போல் சைக்கிளில் வந்தான், ஒரு வரி பாடினான், காதுப்பக்கம் கையைக் குவித்தான், ட்ரம்பெட் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை, ஆனாலும் அவன் என்னத்தையோ கேட்டுவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். ஜனங்கள் ஆபரேட்டரைத் திட்டினார்கள். தியேட்டரில் எது கெட்டாலும் முதலில் உருளுவது அவன் தலைதான்.

நான் ஜெபமணி. வடபழனியில் பொன்மயில் ஸ்டூடியோவில் நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். மாஸ்டர், அதாவது இசையமைப்பாளர், ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஸரிகம பாடுவார். அதை வெள்ளைக்காரனின் ஐந்து கோட்டு முறையில் ஏற்றி, வயலினுக்கு ஒரு தாள், செல்லோவுக்கு ஒரு தாள், ட்ரம்பெட்டுக்கு ஒரு தாள் என்று பிரித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. எங்கள் ஊர் நாசரேத் பக்கம் சர்ச் கொயரில் அடிவாங்கிக் கற்றுக்கொண்ட வித்தை அது. உள்ளே வாசிக்கிறவர்களை நீங்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும். வயலின்காரர்கள் கோவாக்காரர்கள், ஒருவருக்கும் தமிழில் சோறு கேட்கத் தெரியாது. பாங்கோ தட்டுகிற ஆவுடையப்பண்ணன் யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்தவர், வழியில் இரண்டு தம்பிகளைப் புதைத்துவிட்டு. ட்ரம்பெட் டெஸ்மண்ட் பெரம்பூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன், அவன் அப்பா இன்ஜின் டிரைவர். இத்தனை பேரும் சேர்ந்து வாசித்தால் படத்தில் அது ஒரு கிராமத்துக் கதாநாயகன் வயல் வரப்பில் பாடுகிற அசல் தமிழ்ப் பாட்டாக வரும். டைட்டிலில் மாஸ்டர் பேர் வரும், கீழே பொடி எழுத்தில் 'குழுவினர்' என்று வரும். இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன், பொய்தான்.

அப்போதெல்லாம் ஒரே மைக். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்திருக்கும். பாடுகிறவர் கிட்டத்தில், வயலின் கொஞ்சம் தள்ளி, தபேலா இன்னும் தள்ளி. டெஸ்மண்டின் சத்தம் எல்லாவற்றையும் முழுங்கிவிடும் என்பதால் அவன் வட்டம் கதவுக்கு வெளியே, வராந்தாவில் இருந்தது. வெயிலோ மழையோ அங்கே நின்று, உள்ளே மாஸ்டர் கையசைப்பதைத் திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு, தனக்கு வேலையில்லாத நேரமெல்லாம் ஒன்று ரெண்டு மூன்று நாலு என்று எண்ணிக்கொண்டு, சரியான இடத்தில் ஊதுவான். எட்டு வருஷம் அந்த ஸ்டூடியோவில் வாசித்தவன், ரெக்கார்டிங் நடக்கும்போது ஒருதடவைகூட உள்ளே நின்றதில்லை.

அவனுக்கு ஒரு அக்கா, நோரா. கிளப் காட்சிகளில் பின்வரிசையில் ஆடுவாள். நான் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், அதை விளக்குகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. காலனியில் அந்த வருஷம் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள், வீட்டுக்கு வீடு டிரங்குப்பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அக்காவும் தம்பியும்கூட மூன்று வாரக் கடல் தூரத்தில் இருந்த ஒரு தேசத்துக்கு எழுதிப்போட்டார்கள். அந்த தேசத்து ஆபீஸர் ஒருவர் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, தாத்தாவின் பிறப்புச் சான்று, பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டு எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, கடைசியில் காகிதத்தை மூடிவைத்து ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார். டெஸ்மண்ட் அப்பாவைக் கொண்டு செக்கச்செவேலென்று இருந்தான். நோரா அம்மாவைக் கொண்டு என் நிறத்தில் இருந்தாள். தம்பிக்கு முத்திரை விழுந்தது, அக்காவுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் உனக்கு வெள்ளை மாவு அப்புகிறார்களே, அதோடு போயிருக்கலாமே தங்கச்சி என்று ஆவுடையப்பண்ணன் சொன்னார். அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

போகமாட்டேன் என்று டெஸ்மண்ட் அழுதான். நோராதான் அவனைப் பிடித்துத் தள்ளினாள். நீ போ, உன் சத்தம் இங்கேதான் இருக்கப்போகிறது, எனக்கு உன் ஞாபகம் வந்தால் தியேட்டருக்குப் போய் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சமாதானம் சொன்னாள். அந்த ஒரே பேச்சை நம்பித்தான் அவன் கப்பலேறினான். அவளும் அதே பேச்சை நம்பித்தான் அவனை ஏற்றிவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டூடியோவில் பாட்டு பதிவானதும் நோட்ஸ் தாள்கள் எல்லாம் ஆபீஸுக்குத் திரும்ப வரும், ஆறு மாசத்துக்கு ஒருதரம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கிருந்து கோடம்பாக்கம் முழுக்கக் கடலைப் பொட்டலமாக நடமாடும். எவனும் அதை மதித்ததில்லை. டெஸ்மண்டின் தாள்களை மட்டும் நான் எட்டு வருஷமாகக் கட்டிலடியில் ஒதுக்கி வைத்திருந்தேன், அவன் அக்காவிடம் என்றைக்காவது காட்டி நல்ல பேர் வாங்கலாம் என்ற நப்பாசையில். அவன் கிளம்புகிறான் என்றதும் மனசு கேட்காமல் அவ்வளவையும் சிவப்பு நாடா போட்டுக் கட்டித் துறைமுகத்தில் அவன் கையில் கொடுத்தேன். என்னைக் கட்டிக்கொண்டான். அந்தக் கட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினான். மூன்றேகால் மணிக்குக் கப்பல் நகர்ந்தது.

முதல் வாரம் தியேட்டர்காரர்கள் ஸ்பீக்கரைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். விநியோகஸ்தர்கள் பெட்டி பெட்டியாகப் படச்சுருளைத் திருப்பி அனுப்பினார்கள், புதுச்சுருள் போட்டால் அதிலும் ஓட்டை. கிராமபோன் தட்டில் ஊசி அந்த இடத்தை வழுக்கைத் தலையில் சீப்பு போகிற மாதிரி கடந்து போனது. ரேடியோவில் அறிவிப்பாளர் அந்த இடம் வந்தால் லேசாகச் செருமினார், பிறகு அதுவே பழக்கமாகிப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே தண்ணீர் குடித்துத் தயாராக இருந்தார். மாஸ்டர் கொதித்துப் போனார். போலீஸ் பேண்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து அதே இடத்தை ஊதவைத்துப் பதிந்தோம், ஊதினபோது நன்றாகத்தான் கேட்டது, பிரின்ட் போட்டுப் பார்த்தால் மறுபடி ஓட்டை, அந்த மனுஷன் தன் உதடு வீங்கினதுதான் மிச்சம் என்று புலம்பிக்கொண்டு போனார். ஸ்டூடியோவில் பூசணிக்காய் உடைத்தார்கள். பாதிரியார் ஒருவர் வந்து தீர்த்தம் தெளித்தார். எதற்கும் மசியவில்லை, இரண்டாவது மாசம் எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அலுத்த பிறகு ஜனங்கள் தங்களுக்குத் தோன்றியதைச் செய்யத் தொடங்கினார்கள்.

ராயபுரத்தில் மீன்காரர்கள் ஓட்டை வந்ததும் நாக்கை மடித்து விசில் அடித்தார்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் மூங்கில் துண்டுகளைக் கொண்டுவந்து தட்டினார்கள். வாணியம்பாடியில் தோல் மண்டிக்காரர்கள் கவாலிக்குத் தட்டுகிற மாதிரி வரிசையாகக் கைதட்டினார்கள். காரைக்குடித் தியேட்டர் முதலாளி, காசைப் பார்க்காத மனிதர், திரைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து நாதஸ்வர கோஷ்டியையே உட்கார வைத்துவிட்டார். திருச்சிப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் ஐஸ் விற்கிறவன் மணியை ஆட்டினான், ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்து வராமல் போனதற்கு ஜனங்கள் படத்தை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்தார்கள். போஸ்டரிலேயே ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள்: 'இவ்விடம் ஓட்டைக்குத் தவில் உண்டு.' ஒரே படத்தை மாயவரத்தில் ஒருதரம், கும்பகோணத்தில் ஒருதரம் என்று பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற கூட்டம் உருவாயிற்று. பெரம்பூர் ராயப்பா டாக்கீஸில் ரயில்வே பட்டறை ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டுத் தூக்கோடு வருவார்கள். கதாநாயகன் காதைக் குவித்ததும் முந்நூறு பேர் தூக்குமூடியில் தட்டுவார்கள் பாருங்கள், தகரக் கூரை அதிரும். ஆவுடையப்பண்ணனே ஞாயிற்றுக்கிழமை பாங்கோவைத் தூக்கிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்துவிட்டார். ஸ்டூடியோவில் வாசிக்கும்போது ஒருத்தன் மூஞ்சியும் தெரியாது ஜெபமணி, இங்கே தட்டினால் எதிர் பெஞ்சுக்காரன் திரும்பிச் சிரிக்கிறான் என்றார்.

ஊர் இப்படிக் கொண்டாடிக்கொண்டிருக்க, நோராவுக்கு மட்டும் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் கொள்ளவில்லை, நின்றால் நின்ற இடம் கொள்ளவில்லை. எங்கேயாவது ஒரு பழைய சுருளில், எவனும் கவனிக்காத ஒரு டூரிங் டாக்கீஸில், டெஸ்மண்ட் மிச்சமிருப்பான் என்று அவள் நம்பினாள். ஷூட்டிங் இல்லாத நாளெல்லாம் பஸ் ஏறினாள். திண்டிவனம், ஆரணி, குடியாத்தம், பொன்னேரி. படம் தொடங்கும்போது முன்பெஞ்சில் முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்காருவாள், பாட்டு வரும், ஓட்டை வரும், உள்ளூர்க்காரன் எதையாவது தட்டுவான், அவள் எழுந்து வெளியே வந்து அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பாள். தனியாகப் போகிறாளே என்று நானும் கூடப் போனேன். ஏழு மாசம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் தேடுகிற சாமான் கப்பலில் போன கதை எனக்கு மட்டும் தெரிந்திருந்தும், வாயைத் திறக்காமல் வந்தேன். பயந்தாங்கொள்ளி என்று என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், நான் தினமும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்த ரகசியம் உடைந்தது. அவள் கடலை வாங்கினாள். தின்று முடித்துப் பொட்டலத்தைக் கசக்கப் போனவள் நிறுத்தி அதை விரித்துப் பார்த்தாள். சைக்கிள் பாட்டு, இரண்டாம் வயலின், என் கையெழுத்து. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோ வளாகத்தில் பல வருஷம் புழங்கினவள் இல்லையா, அவள் மூளை எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"வயலின் தாள் இந்த ஊர்லயே கிடந்து கடலை மடிக்குது, வயலின் பாட்டுல இருக்கு," என்றாள். "டெஸ்மண்ட் தாள் எங்க மேன்?"

சொல்லிவிட்டேன். கட்டிலடி, சிவப்பு நாடா, துறைமுகம், எல்லாம். அவள் என்னை அடித்திருக்கலாம். பொட்டலத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஸ்டூடியோவில் எதிரில் வந்தால் கம்பத்தைக் கடக்கிற மாதிரி கடந்து போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, நோட்ஸில் பிசகு பிசகாக எழுதினேன், மாஸ்டர் இரண்டு முறை தாளை என் மூஞ்சியில் எறிந்தார்.

அவள் தம்பிக்கு எழுதினாள். பதில் வந்ததை ஆவுடையப்பண்ணன் மூலமாக எனக்குக் கொடுத்தனுப்பினாள், படித்துக்கொள் என்ற மாதிரி. டெஸ்மண்ட் அங்கே ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் பெட்டி அடுக்குகிறானாம். ட்ரம்பெட்டைத் தொட நேரமில்லையாம். ஆனால் தினமும் சாயங்காலம் அவன் சாப்பிட உட்காருகிற வேளையில், இங்கே மேட்னி ஓடுகிற நேரம் அது, அவன் சமையலறைச் சுவரிலிருந்து அவன் ஊதின ட்ரம்பெட் கேட்கிறதாம். ட்ரம்பெட் மட்டும். வயலின் கிடையாது, பாட்டு கிடையாது. தாளத்தில் நாலு தட்டு ஊதும், பிறகு இருபத்திரண்டு தட்டு சும்மா இருக்கும், மறுபடி ஊதும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் புகார் கொடுத்தார்கள், இப்போது அந்தச் சத்தத்தை வைத்து உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள். நடுவில் சும்மா இருக்கிற இடத்தில் யார் பாடினார்கள் என்ன பாடினார்கள் என்பது எனக்கு மறந்துகொண்டே வருகிறது நோரா, தமிழ் வார்த்தை எனக்கு எப்போதுமே ஒழுங்காக நிற்காது, இருந்தாலும் இந்த ஊரில் என்னைத் தேடி வருவது அது ஒன்றுதான் என்று எழுதியிருந்தான்.

நான் படித்துவிட்டு, சரி, இதற்கு மேல் எந்த அக்கா கேட்பாள் என்று நினைத்தேன். நோரா கேட்டாள். எல்லாவற்றையும் நீ கொண்டுபோனாய், இதையாவது எனக்குத் திருப்பி அனுப்பு என்று எழுதினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நியாயம் பேசுகிறவர்கள் ஒருநாள் அந்த ஆபீஸர் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

அவன் மறுபேச்சு பேசாமல் அந்தச் சிவப்பு நாடாக் கட்டை அனுப்பிவிட்டான். பார்சல் துறைமுகத்தில் இறங்கிய சனிக்கிழமை நோரா நீலக் கவுன் போட்டுக்கொண்டு ராயப்பா டாக்கீஸுக்குப் போனாள். நான் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். சைக்கிள் பாட்டு வந்தது. கதாநாயகன் ஒரு வரி பாடினான், காதைக் குவித்தான், முந்நூறு பேர் தூக்குமூடியில் கையை வைத்தார்கள், அந்த நேரம் பார்த்து டெஸ்மண்ட் ஊதினான். அதே மூச்சு, அதே சின்ன நடுக்கம், வராந்தாவில் நின்று ஊதுகிறவனுடைய சத்தம்.

ஜனங்கள் கத்தினார்கள். "எவன்டா அது குறுக்கால?" என்றது ஒரு குரல். தட்டுகிறவர்களுக்குத் தாளம் போய்விட்டது. இத்தனை மாசம் அவர்கள் நிறைத்துவைத்திருந்த இடத்தில் யாரோ ஒருத்தன் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான், கோபம் வராதா? நிறுத்து, நிறுத்து என்று பெஞ்சில் அடித்தார்கள். செருப்பு ஒன்று திரைமேல் போய் விழுந்தது. ஆபரேட்டர் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தினான், விளக்கு வெளிச்சம் மட்டும் வெள்ளையாகத் திரையில் விழுந்தது.

நோரா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"அது என் தம்பி," என்றாள். "பேரு டெஸ்மண்ட் ராஸ். இந்தப் பாட்டுல ஊதினது அவன். கதவுக்கு வெளிய நின்னு ஊதினான்."

கூட்டம் அடங்கிவிட்டது. பட்டறையில் அவளைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இன்ஜின் டிரைவர் ராஸ் மகள் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டார்கள். வயசான ஃபிட்டர் ஒருவர், செல்லப்பன் என்று பேர், அவர் இப்ப எங்கேம்மா இருக்கார் என்று கேட்டார். கப்பலில் போய்விட்டான் என்றாள். அப்ப நீ ஏம்மா போகல என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

அவள் கையை நீட்டினாள். ஆபரேட்டர் அறையிலிருந்து வந்த வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்தது, திரையில் கையின் நிழல் பெரிசாக விழுந்தது. "இதைப் பார்த்துட்டு வேணாம்னுட்டாங்க," என்றாள்.

அந்தக் கொட்டகையில் இருந்த முந்நூறு பேர் கையும் அதே நிறம்தான். செல்லப்பன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார், பாட்டை முதலிலிருந்து போடப்பா என்று ஆபரேட்டருக்குக் குரல் கொடுத்தார். போட்டான். இந்தமுறை டெஸ்மண்ட் ஊதினபோது யாரும் மூச்சுவிடவில்லை. அவன் ஊதி முடித்ததும், அவன் சும்மா நிற்கிற அந்த இருபத்திரண்டு தட்டில், மெதுவாக, ஒருத்தர் பின் ஒருத்தராக, தூக்குமூடியில் தட்டத் தொடங்கினார்கள். ட்ரம்பெட் கூப்பிட்டது, அவர்கள் பதில் சொன்னார்கள். ஆவுடையப்பண்ணன் பாங்கோவைத் தொடையில் இடுக்கிக்கொண்டு கண்ணீரோடு தட்டினார், இரண்டு தம்பிகளை நினைத்தாரோ என்னவோ. இத்தனை வருஷம் எத்தனையோ பாட்டு எழுதியிருக்கிறேன், இப்படி ஒன்றை எழுதினதில்லை.

இடைவேளையில் எல்லோரும் நோராவைச் சுற்றிக்கொண்டார்கள். தம்பி இப்போது அங்கே என்னத்தைக் கேட்பான் என்று செல்லப்பன் விசாரித்தார்.

"ஒண்ணும் கேக்காது," என்றாள். "அவன்கிட்ட இருந்த ஒண்ணையும் நான் பிடுங்கிட்டேன்." பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள், ஐந்து மாசம் கழித்து.

"மணி, பென்சில் வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். பென்சில் இல்லாமல் நான் எங்கே போனேன்? இவர்கள் தட்டுகிறதை எழுது, அவனுக்கு அனுப்பவேண்டும் என்றாள். எழுதினால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருதரம் சொல்லாமல் இருந்து பட்டது போதும் என்று, நான் அந்த இடத்திலேயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உடைத்துச் சொன்னேன். தாளில் ஏற்றிக் கப்பலில் அனுப்பினால் அந்தச் சத்தம் இங்கே இருக்காது, அதோடு போய்விடும், நாளைக்கு நீங்கள் எவ்வளவு தட்டினாலும் இந்தப் பாட்டுக்கு அது கேட்காது.

பட்டறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷமாகத் தட்டித் தட்டி அவர்கள் செதுக்கின சங்கதி அது, ராயபுரத்து விசில்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் பொறாமைப்பட்டுப் போன சங்கதி. செல்லப்பன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"போனாப் போகுது," என்றார். "நாங்க இங்கதானம்மா இருக்கோம். நாளைக்கு வேற ஒண்ணு தட்டிக்கிறோம்."

நாலு மேட்னி உட்கார்ந்து எழுதினேன். தூக்குமூடிக்கு எந்தப் புத்தகத்திலும் நோட்ஸ் கிடையாது, நானே அடையாளங்கள் கண்டுபிடித்தேன். பாங்கோவுக்குத் தனித்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் தட்டினவர்கள் பேரை எழுதச் சொன்னாள் நோரா. எழுதினேன், செல்லப்பன், காதர் மொய்தீன், நூக்கராஜு, அந்தோணிசாமி என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதிகப் பக்கம் பிடித்தது பேர்கள்தான், தாளம் கொஞ்சம்தான். ஆவுடையப்பண்ணன் பேரை எழுதும்போது அவர் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தார். கட்டு கப்பலேறியது.

அடுத்த சனிக்கிழமை மேட்னிக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. தெரிந்தே வந்திருந்தார்கள். பாட்டு வந்தது, டெஸ்மண்ட் ஊதினான், இவர்கள் பழக்கதோஷத்தில் தூக்குமூடியில் ஓங்கித் தட்டினார்கள். சத்தம் வரவில்லை. பஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. ஒருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை, போனாப் போகுது என்று சொன்ன செல்லப்பனே மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடுத்துவிட்டு வருத்தப்படுவது வேறு, வருத்தப்பட்டுக்கொண்டே கொடுப்பது வேறு, அன்றைக்கு அங்கே ரெண்டும் இருந்தது. மூன்று வாரக் கடல் தூரத்தில் டெஸ்மண்ட் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்ன கேட்பான் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ட்ரம்பெட் இரண்டாம் முறை கூப்பிட்டது. பதில் சொல்ல ஆளில்லை.

நோரா எழுந்தாள். பின்வரிசையில் பத்து வருஷம் ஆடினவள் அவள். ஸ்டூடியோவில் ஆட்டத்தைப் படம் பிடிக்கும்போது பாட்டைக் கிராமபோன் தட்டில் ஓடவிட்டுத்தான் பிடிப்பார்கள், ஆடுகிறவர்களின் கால் சத்தத்தை எவனும் பதிவதில்லை, ஆகவே அத்தனை படத்திலும் அவள் கால் ஊமைக்கால். அவள் வரிசையை விட்டு நடுவழிக்கு வந்து, கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகால் செருப்பால் சிமெண்டுத் தரையில் தட்டினாள். கேட்டது. மறுபடி தட்டினாள், வேகமாக, தம்பி விட்ட இடத்தைப் பிடித்து, அவன் கேட்டதற்குப் பதில் சொல்லி, அவனையே ஒரு கேள்வி கேட்டு. ட்ரம்பெட் வந்து போனது, அவள் கால் தொடர்ந்தது. முதலில் செல்லப்பன் செருப்பைத் தரையில் தேய்த்தார், பிறகு பக்கத்து பெஞ்சு, பிறகு அதற்கும் பக்கம்.

என் கை என்னைக் கேட்காமலே பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டது. மடியில் தாளைப் போட்டுக் கோட்டை இழுக்கிறேன், நோரா ஆடிக்கொண்டே என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தாள், வேர்த்துக் கொட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. பென்சிலைப் பிடித்திருந்த என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"இதை எழுதாத மேன்," என்றாள்.